அனான்சே கதை சொல்லப் பழகலாம்: பாட்டும் தாளமும் கலந்த அக்கான் முறை

கானாவின் அக்கான் மக்களிடம் கதை நடக்கும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் திடீரென்று குறுக்கிடுவார். "கொஞ்சம் நிறுத்து, அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டை எடுத்துவிடுவார். கதைசொல்லி முகம் சுளிக்க மாட்டார். கூட்டம் முழுவதும் கைதட்டிப் பாடி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இந்த இடைப்பாட்டின் பெயர் ம்போகுவோ.

அக்கான் கதைசொல்லலின் உயிரே இதுதான் என்பேன். புதிதாகப் பழகுபவர்கள் குரலை ஏற்றி இறக்குவதில் மெனக்கெடுகிறார்கள். முதலில் பழக வேண்டியது கதையை நடுவில் விட்டுக்கொடுப்பதை.

படி 1: இருட்டட்டும்

சிலந்தி அனான்சேயின் கதைகளுக்கு அனான்செசெம் என்று பெயர். இவற்றைப் பொழுது சாய்ந்த பிறகே சொல்வது பழைய வழக்கம். விளக்கைக் குறைத்து, எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். மேடை வேண்டாம். மேடை போட்டால் யாருக்கும் குறுக்கிடத் துணிவு வராது.

படி 2: வாசல் திறப்பு

எடுத்தவுடன் கதைக்குள் போகக் கூடாது. "நாங்கள் சொல்லப்போவதை உண்மை என்று சொல்லவில்லை, உண்மை என்று சொல்லவில்லை" என்ற பொருளில் ஒரு தொடக்க வாசகம் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் பேராசைக்காரனையும் அதிகாரம் உள்ளவனையும் கதைக்குள் வைத்துத் தாராளமாகப் பேசலாம். நிதானமாக இரண்டு முறை சொல்லுங்கள்.

படி 3: சின்னக் கதை

அறிவுப் பானைக் கதை தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது. உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, மரத்தின் உச்சியில் ஒளித்துவைக்கக் கிளம்புகிறான் அனான்சே. பானையை வயிற்றில் கட்டிக்கொண்டதால் ஏற முடியவில்லை. கீழே நிற்கும் மகன் ந்திக்குமா, "அப்பா, முதுகில் கட்டிக்கொண்டால் ஏறலாமே" என்கிறான். எல்லா அறிவும் பானைக்குள் இருக்கும்போது இவனுக்கு இது எப்படித் தெரிந்தது? அனான்சேக்கு ஆத்திரம் பொங்குகிறது, பானை விழுந்து உடைகிறது. சிதறிய அறிவில் ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கிறது.

மனப்பாடம் செய்யாதீர்கள். ஏறுதல், மகன் பேச்சு, விழுதல் என்று மூன்று இடங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 4: தாளம்

பறை, ஜெம்பே எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு கை போதும். "தகிட தகிட தகிட தகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு "த"விலும் தட்டுங்கள். 12 அட்சரம், 4 தட்டு. கூட்டத்துக்கு இதுவே நல்ல தாளம்.

கை பழகியவர் ஒருவர் இருந்தால், இதன்மேல் மணித் தாளத்தைச் சேர்க்கலாம். கானாவில் எவே மக்களின் அக்பாட்சா ஆட்டத்தில் காங்கோகுயி என்ற இரட்டை மணியில் வாசிப்பது இது. மேற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களிலும் கேட்கலாம். ஒரு கிண்ணமும் கரண்டியும் எடுத்து, எழுத்து உள்ள இடத்தில் அடித்து, கோடு உள்ள இடத்தில் சும்மா இருங்கள்:

த – ட | – கி ட | – கி – | த – ட

மிக மெதுவாகத் தொடங்குங்கள். இரண்டாவது "தகிட"வில் முதல் அட்சரத்தை விட்டுவிட்டு அடிப்பதுதான் சிரமம். வாய் சொல்வதை நிறுத்திவிட்டால் கை தடுமாறும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அட்டும்பன் என்ற இரட்டை முரசைப் பார்த்து யாரும் விளையாட்டாக வாசிக்க முயல வேண்டாம். அக்கான் மக்கள் பேசும் ட்வி மொழியில் சுரம் மாறினால் பொருள் மாறும். அந்த மேல் சுரத்தையும் கீழ்ச் சுரத்தையும் இரண்டு முரசுகளில் எழுப்பிப் பேசவைக்கும் கருவி அது. தலைவர்களின் அவையோடு சேர்ந்தது. முரசு செய்த ட்வெனெபொவா மரம், தோல் தந்த யானை, பூமி என ஒவ்வொன்றையும் விளித்து வணங்கி, கற்றுக்கொள்பவனாகத் தன்னைச் சொல்லி, வாசிப்பு கைகூட வேண்டிக்கொண்ட பிறகே முரசறைபவர் தொடங்குவார். இந்தப் பணிவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

படி 5: பாட்டு நுழையட்டும்

ஒருவர் எடுக்க, மற்றவர்கள் பதில் பாடும்படி இரண்டே வரி போதும். அனான்சே ஏறும் இடத்துக்கு நான் வைத்துக்கொண்டது:

ஏறு ஏறு அனான்சே!
– எட்டவில்லை, எட்டவில்லை!

பதில் வரியை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். எடுத்துப்பாட ஒருவரிடம் தனியே சொல்லிவையுங்கள். எங்கே குறுக்கிடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். முதல் தடவை நான் இந்த இடைவெளியே விடாமல் சொல்லி முடித்தேன். குழந்தைகள் அமைதியாகக் கேட்டார்கள், பிறகு எழுந்து போனார்கள். அடுத்த வாரம் பாட்டை உள்ளே விட்டதும், ஒரு சிறுமி மூன்று முறை கதையை நிறுத்தினாள். அன்றைக்குத்தான் கதை நடந்தது.

ஏஃபுவா சதர்லேண்ட் என்ற கானா நாடகாசிரியர் இதே ம்போகுவோவைத் தன் நாடகத்துக்குள் கொண்டுவந்தார். 1975-இல் வெளியான அவருடைய அனான்சேவா திருமண நாடகத்தில் பாட்டு கதையை வெட்டி வெட்டித்தான் போகும். எக்கும்ஃபி அட்வியா என்ற சிற்றூரில், கதைக்கென்றே கொட்சிடான், அதாவது கதை வீடு, எழவும் அவர் காரணமாக இருந்தார்.

படி 6: கைமாற்றுங்கள்

முடிப்பதற்கும் வாசகம் உண்டு: "நான் சொன்ன கதை இனித்தாலும் இனிக்காவிட்டாலும், கொஞ்சம் எடுத்துப் போங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும்." சொன்னதும் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அடுத்த கதை அவருடையது. இந்த முறை குறுக்கிட்டுப் பாட வேண்டியவர் நீங்கள்.