அமெரிக்கால போலீஸ் உங்க மெயிலை கேட்டா என்ன பண்ணணும்

"உங்க அக்கவுண்ட் டேட்டாவ கேட்டு அரசாங்கத்துல இருந்து ரிக்வெஸ்ட் வந்திருக்கு"ன்னு மெயில் கம்பெனி கிட்ட இருந்து நோட்டீஸ் வந்தா மொதல்ல அது நிஜமான்னு பாருங்க, ஃபிஷிங் பண்றவனும் இதே மாதிரி தான் அனுப்புவான், லிங்க்க அமுக்காதீங்க. நிஜம்னா அடுத்து பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எந்த பேப்பரை வச்சு கேட்டிருக்காங்க.

1986ல வந்த ஸ்டோர்டு கம்யூனிகேஷன்ஸ் ஆக்ட் தான் இதுக்கு சட்டம். வெறும் சப்பீனான்னா, அதாவது விவரத்த குடுன்னு அனுப்புற உத்தரவுன்னா, ஜட்ஜ் கையெழுத்தே வேணாம், ஆனா பேரு, அட்ரஸ், போன் நம்பர், லாகின் பண்ண நேரம், ஐபி, பணம் கட்டுன கார்டு நம்பர் இவ்ளோ தான் கிடைக்கும். அதுக்கு மேல, யாருக்கு எப்ப மெயில் போட்டீங்கங்கற லாக் வேணும்னா ஜட்ஜ் கிட்ட காரணம் காட்டி கோர்ட் ஆர்டர் வாங்கணும். மெயிலுக்குள்ள என்ன எழுதிருக்குன்னு படிக்கணும்னா வாரண்ட்.

இங்க ஒரு குழப்பம் இருக்கு. "180 நாளுக்கு மேல பழைய மெயிலுக்கு வாரண்ட் வேணாம்"னு யாராவது சொல்லுவாங்க, சட்டப் புத்தகத்துல அப்படித்தான் இன்னும் இருக்கு, அந்தக் காலத்துல சர்வர்ல அவ்ளோ நாள் யாரும் மெயிலை விட்டு வைக்கல, விட்டா வேணாம்னு போட்டதுன்னு எடுத்துக்கிட்டாங்க. ஆனா 2010ல வார்ஷாக் கேஸ்ல ஆறாவது சர்க்யூட் கோர்ட் (சில மாநிலங்களுக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட்) அது அரசியல் சாசனத்துக்கு விரோதம், வாரண்ட் வேணும்னு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துறது நாலு மாநிலத்த தான், இருந்தாலும் பெரிய கம்பெனிங்க எல்லா ஊருக்கும் வாரண்ட் கேக்கறாங்க. போன் டவர் லொகேஷனுக்கும் 2018ல சுப்ரீம் கோர்ட் கார்பெண்டர் கேஸ்ல கிட்டத்தட்ட இதையே சொல்லிருச்சு.

பயத்துல எதையும் டெலீட் பண்ணிடாதீங்க, தயவுசெஞ்சு. போலீஸ் ஒரு லெட்டர் போட்டாலே கம்பெனி உங்க டேட்டாவ 90 நாள் காப்பி எடுத்து வச்சிரணும், இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம், அதுக்கு ஜட்ஜே வேணாம். நீங்க அழிச்சதால ஒண்ணும் மறையாது, விசாரணைய தடுக்கறதுக்காக அழிச்சீங்கன்னா அதுவே தனி கேஸ், 20 வருஷம் வரைக்கும் ஜெயில். நோட்டீஸ்ல கெடு தேதி இருந்தா அதுக்குள்ள கிரிமினல் வக்கீலை புடிங்க, விசால இருக்கறவங்க இமிக்ரேஷன் வக்கீல் கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நோட்டீஸ் வரலன்னா யாரும் கேக்கலன்னு அர்த்தம் இல்ல, சொல்லக் கூடாதுன்னு கம்பெனி வாயை கோர்ட் கட்டிப் போடலாம். யார் உயிருக்காவது ஆபத்துன்னா வாரண்ட் இல்லாமலே குடுக்கவும் சட்டத்துல எடம் உண்டு.

நம்ம ஊர் போலீஸ் உங்க ஜிமெயிலை கேட்டாலும் இதே சட்டம் குறுக்க வரும். மெயில் உள்ளடக்கம் அமெரிக்க சர்வர்ல இருந்தா கம்பெனி அவங்களுக்கு நேரா தர முடியாது, 2005ல அமலுக்கு வந்த இந்தியா-அமெரிக்கா சட்ட உதவி ஒப்பந்தம் வழியா அங்க உள்ள கோர்ட் வரைக்கும் போய்ட்டு வரணும், அது ஆமை வேகம். பேரு, ஐபி மாதிரி விவரத்த மட்டும் கம்பெனி இஷ்டப்பட்டா நேராவே குடுக்கலாம், நெறைய கேஸுக்கு அதுவே போதும்.