கேமும் டிவியும் ஒரே கார்டில்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஏடிஐ ஆல்-இன்-வொண்டர் மாதிரி டிவி ட்யூனரும் கேமிங் சிப்பும் சேர்ந்த பழைய கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டு ஊட்டியிலோ குன்னூரிலோ கைக்கு வந்தால், முதலில் அது மதர்போர்டில் உட்காரும் ஸ்லாட்டைப் பாருங்கள். 2002-இல் வந்த 9700 ப்ரோ மாடல் ஏஜிபி என்ற பழைய ஸ்லாட்டுக்கானது, 2006-இன் எக்ஸ்1900 மாடல் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற புதிய ஸ்லாட்டுக்கானது. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

அடுத்து ட்யூனர், அதாவது டிவி சிக்னலைப் பிடிக்கும் பகுதி. அமெரிக்காவில் விற்ற கார்டு என்றால் அங்குள்ள என்டிஎஸ்சி டிவி முறைக்கானது, நம்முடையது பிஏஎல் முறை. ஆனால் தூர்தர்ஷன் அனலாக் ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டதால் என்னைக் கேட்டால் ட்யூனரைவிட வீடியோ இன்புட்தான் முக்கியம்: டிடிஎச் பாக்ஸின் மஞ்சள் ஏவி ஒயரைச் செருகி, கிரிக்கெட் மேட்ச் ஒன்றை ஓடவிட்டு, வேகமான அசைவில் ஓரங்கள் சீப்புப் பல்லாகப் பிசிறுகிறதா, உதடும் குரலும் ஒத்துப்போகிறதா என்று அரை மணி நேரமாவது கவனியுங்கள். படம் 720x576 பிக்சல்தான், பெரிய மானிட்டரில் கொஞ்சம் மங்கும், அது கார்டின் குறை இல்லை.

அப்புறம் அந்தக் காலத்து கேம் ஒன்றை நீண்ட நேரம் ஆடுங்கள். திரையில் புள்ளிகள் தெறித்தால் வேண்டாம்.

மலை ஈரத்தில் கிடந்த கார்டா? ஜாக்குகளில் பச்சை பூத்திருக்கிறதா, ஃபேன் தடையில்லாமல் சுற்றுகிறதா பாருங்கள். கூடவே வந்த இணைப்பு கேபிளையும் கேட்டு வாங்குங்கள், பல மாடல்களில் அது இல்லாமல் வீடியோ இன்புட்டே கிடையாது.