ரப்பர் மீனில் கொடுவா பிடிக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் உப்பங்கழியில் புதிதாக லூர் (செயற்கை இரை) வீசுகிறவர்களைப் பார்த்தால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தில் நிற்பவர் இரண்டு கொடுவா ஏற்றிவிடுகிறார். இவர் அதே லூரை அதே தூணோரம் வீசுகிறார், ஒன்றும் தொடுவதில்லை. உடனே வேறு நிறத்துக்கு மாறுகிறார். குறை நிறத்தில் இல்லை, ரப்பர் மீனைத் தூண்டில் முள்ளில் கோத்த விதத்தில் இருக்கிறது.

முடிச்சு அவிழ்வது, டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) அளவுக்கு மீறி இறுக்குவது எல்லாம் இரண்டு நாளில் தானே புரிந்துவிடும். கோப்பதில் வரும் தவறு மாதக்கணக்கில் புரியாது, அதனால்தான் இதற்கு இவ்வளவு இடம்.

கோணலாகக் கோப்பது

4 அங்குல பேடில் டெயிலின் (துடுப்புபோன்ற வால் வைத்த ரப்பர் மீன்) உயிரே அதன் வாலில்தான். உடல் முள்ளில் நேராக உட்காராவிட்டால் வால் அடிக்காது. லூர் முழுவதும் பம்பரம்போலச் சுற்றும். எந்த மடவைக் குஞ்சும் சுற்றிக்கொண்டே நீந்தாது. கலங்கல் தண்ணீரில் இது கண்ணுக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் இப்படி வீசினால் தூண்டில் நரம்பு முறுக்கேறும். அடுத்த வீச்சில் சிக்கு விழுந்தால், விலை கொடுத்து வாங்கிய பிரெய்டை (பின்னல் நரம்பு) மீட்டர் கணக்கில் அறுத்துப் போட வேண்டியதுதான்.

கோப்பதற்கு முன் ஜிக் ஹெட்டை (ஈயத் தலை வைத்த முள்) ரப்பரின் பக்கவாட்டில் வைத்து அளவு பாருங்கள். ஈயத்தின் பின்விளிம்பு ரப்பரின் மூக்கோடு சேர்ந்திருக்கட்டும். முள் வளையும் இடத்துக்கு நேரே ரப்பரின் முதுகில் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். பிறகு நுனியை மூக்கின் நட்ட நடுவில் நுழைத்து, புழுவைக் கோப்பதுபோல ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக முள்ளின்மேல் ஏற்றுங்கள். முதுகின் நடுக்கோட்டில், கீறிய இடத்திலேயே நுனி வெளியே வர வேண்டும்.

கீறலுக்கு முன்னால் வந்தால் ரப்பர் இழுபட்டு, மூக்குக்கும் ஈயத்துக்கும் நடுவே இடைவெளி விழும். பின்னால் வந்தால் முதுகு கூன் போடும். பக்கவாட்டில் தள்ளி வந்தால் சுற்றல் நிச்சயம். தவறினால் உருவி ஒரே ஒருமுறை மறுபடி கோக்கலாம். அதற்குமேல் ஓட்டை பெரிதாகி ரப்பர் நிற்காது. ஈயத்தின் கழுத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு ஒட்டினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

வீசுவதற்கு முன் கரையோரத் தெளிந்த நீரில் ஒரு மீட்டர் இழுத்துப் பாருங்கள். உடல் நிமிர்ந்து, வால் மட்டும் அடிக்க வேண்டும். பாக்கெட்டிலேயே வளைந்துபோன வாலை அரை நிமிடம் சுடுநீரில் முக்கி, நேராகப் படுக்கவைத்து, குளிர்ந்த நீரில் போட்டால் சரியாகிவிடும்.

பார்க்கப் பார்க்க எரிச்சல் தருவது இன்னொன்று. கொடுவா வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். ‘டொக்’கென்று தட்டிவிட்டு மீன் போய்விட்டால் ரப்பர் முள்ளில் கீழே இறங்கியிருக்கலாம். அதைப் பார்க்காமலேயே, அவசரத்தில் அதே இடத்தில் மறுபடி வீசுகிறார்கள். மீன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் போவது கூன் விழுந்த லூர். தட்டு விழுந்ததும் உள்ளே இழுத்து, மேலே தள்ளிச் சரிசெய்த பிறகு வீசுங்கள்.

எடை

இரண்டு மீட்டர் ஆழம், மெதுவான ஓட்டம் என்றால் 7 கிராம் ஜிக் ஹெட் போதும். நீர் கடலுக்கு இறங்கும் நேரத்தில் பாலத்துத் தூணோரம் 14 கிராம் தேவைப்படும். லூர் தரையைத் தொட்டதும் நரம்பு தளர வேண்டும். தளரவே இல்லையென்றால் எடை போதவில்லை, லூர் நடுத்தண்ணீரில் அடித்துக்கொண்டு போகிறது.

லீடர் போடாதது

கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் பிளேடு, வாய் உப்புத்தாள். லூருக்கு முன்னால் லீடராக, 40 பவுண்ட் தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு ஒரு மீட்டராவது கட்டுங்கள். தூணில் சிப்பி இருந்தால் 60. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுக் கட்டுங்கள்.

மெல்லிய முள்

நிமிர்ந்துவிடும். தடித்த கம்பி முள், 4/0 அளவு.

எல்லா ரப்பரும் ஒரே டப்பாவில்

இழுத்தால் நீளும் டிபிஇ வகையும் சாதாரண பிவிசி வகையும் ஒட்டிக் கிடந்தால் உருகிக் கூழாகிவிடும். அதனதன் கவரிலேயே இருக்கட்டும்.

மீன் துள்ளும்போது ராடை உயர்த்துவது

தாழ்த்துங்கள், ஆனால் நரம்பு தளரக்கூடாது. மேலே வந்த கொடுவா தலையை உதறும்போது ஜிக் ஹெட்டின் எடையே முள்ளைக் கழற்றிவிடும்.