முதல் டிரையத்லான்: சறுக்குகிற இடங்கள்

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய போட்டி. என் முதல் டிரையத்லானில் நீந்தியதைவிட, உயிர்காக்கும் காவலரின் கயாக்கை (துடுப்புப் படகு) பிடித்துக்கொண்டு மிதந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரையிலிருந்து 80 மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், மூச்சு முட்டிவிட்டது. முந்தின வாரம்தான் 25 மீட்டர் குளத்தில் 20 முறை போய்வந்து, ஒரு கிலோமீட்டரை நிற்காமல் நீந்திவிட்டேன் என்று வீட்டில் பெருமையடித்திருந்தேன்.

அப்புறம் அதே மாதிரி மாட்டிக்கொண்ட பலரிடம் பேசியபோது ஒன்று புரிந்தது. முதல் முறை போகிறவர்கள் உடம்பில் தெம்பு இல்லாமல் விழுவது குறைவு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தனித்தனியாகப் பழகிவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம். குளத்திலிருந்து கடலுக்கு, கடலிலிருந்து சைக்கிளுக்கு, சைக்கிளிலிருந்து தரைக்கு.

இதற்கெல்லாம் முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது, அது தூரத்தைத் தேர்ந்தெடுப்பதில். கோவாவில் 2019-ல் அயர்ன்மேன் 70.3 என்ற நீண்ட தூர டிரையத்லான் தொடங்கியதிலிருந்து நம் ஊர் ஓட்டக்காரர்கள் பலருக்கு எடுத்த எடுப்பிலேயே அதுதான் கனவு. நண்பர்கள் மிராமர் கடற்கரையில் பதக்கத்தோடு நிற்கிற படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த 70.3 மைல் கணக்கு. நம் கணக்கில் 113 கிலோமீட்டர்: நீச்சல் 1.9, சைக்கிள் 90, ஓட்டம் 21.1. நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம்தான் கெடு. தாண்டினால் உங்கள் சைக்கிள் அங்கேயே நிற்கும், நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். முதல் முறைக்கு ஸ்பிரின்ட் என்ற குறுகிய தூரப் போட்டி போதும். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஓரளவு நீந்தத் தெரிந்தவர் மூன்று மாதம் ஒழுங்காகப் பழகினால் முடித்துவிடலாம். "ஸ்பிரின்ட்தானா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்களில் பாதிப் பேர் கடலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, பிடித்ததையே பழகுவது. மாரத்தான் பக்கமிருந்து வருகிறவர் வாரத்தில் நாலு நாள் ஓடுவார், ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் சைக்கிள் மிதிப்பார். நீச்சலுக்கு ஒரே ஒரு நாள், மழை வந்தால் அதுவும் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஓட்டம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் கூடுதலாக ஓடினால் 5 கிலோமீட்டரில் ஒரு நிமிடம் மிச்சமாகும், அவ்வளவுதான். நீச்சல் கைப்பழக்கம் மாதிரி. வாரம் ஒருமுறை இறங்கினால் போன வாரம் கற்றதை நினைவுபடுத்துவதிலேயே நேரம் போய்விடும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் இறங்கினால் தண்ணீர் தானாகவே பழகிவிடும்.

அதிலும் மூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக ஃப்ரீஸ்டைல் நீந்துகிறவர்களுக்கு மூச்சை இழுக்கத் தெரியும், விடத்தான் தெரியாது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்கள். தலை வெளியே வருகிற அந்த அரை நொடிக்குள் பழைய காற்றை விட்டு, புதுக் காற்றையும் இழுத்தாக வேண்டும். முடியாது. கரியமில வாயு உள்ளேயே தேங்கும், நெஞ்சு படபடக்கும், இரண்டாவது சுற்றிலேயே சுவரைப் பிடிக்கத் தோன்றும். நாமோ ஸ்டாமினா இல்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு கிலோமீட்டர் ஓடப் போவோம்! முகம் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆழமில்லாத பக்கத்தில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி, ஒரு வாரம் இதை மட்டும் பழகினாலும் நஷ்டமில்லை.

சரி, குளத்தில் 750 மீட்டர் வந்துவிட்டது. கடலில் என்ன மாறுகிறது? முதலில், சுவர் இல்லை. குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவரை உதைத்துக் கிளம்புவது நமக்கே தெரியாமல் கிடைக்கிற ஓய்வு. கடலில் அது கிடையாது. அடியில் கறுப்புக் கோடும் கிடையாது. கையை நீட்டினால் விரல் நுனி தெரியாத பழுப்புத் தண்ணீரில் எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாமல், 750 மீட்டர் நீந்த வேண்டியவர் கோணலாகப் போய்க் கூடுதலாக நூறு மீட்டர் நீந்திவிட்டு வருவார். ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை, கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வருகிற அளவுக்குத் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், முதலை பார்ப்பதுபோல. முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும். வழி காட்டுவதற்குப் போட்டிருக்கிற மிதவை அலையில் மறைந்து மறைந்து தெரியும், அதை மட்டும் நம்பாமல் அதன் பின்னால் கரையில் தெரிகிற கலங்கரை விளக்கமோ உயரமான கட்டடமோ ஒன்றைக் குறி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் கூட்டம். விசில் அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். முன்னால் போகிறவர் குதிகால் உங்கள் மூக்கில் இடிக்கும், பின்னால் வருகிறவர் உங்கள் காலைப் பிடிப்பார், நீச்சல் கண்ணாடி ஒரு பக்கம் நழுவும். எனக்கு நடந்தது இதேதான். உப்புத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனது, அடுத்த மூச்சு வரவில்லை, கையும் காலும் மறந்துபோயின. நான் செய்த பிழை, முன்வரிசையில் போய் நின்றது. ஓரமாக, பின்னால் நின்று, கூட்டம் போகட்டும் என்று பதினைந்து எண்ணிவிட்டு இறங்கியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஒருவேளை நடந்துவிட்டால்? மல்லாந்து படுத்து மிதங்கள். ஃப்ரீஸ்டைல்தான் நீந்த வேண்டும் என்று கட்டாயமில்லை, தவளை நீச்சல் அடித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். காவலர்களின் கயாக்கையோ பலகையையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் விதி இடம் கொடுக்கிறது, அதைப் பிடித்தபடி முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல், கையைத் தூக்கினால் ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து அவதிப்படுகிறவர்கள் உண்டு.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 1985-லிருந்து 2016 வரை டிரையத்லான்களில் நடந்த மரணங்களையும் இதயம் திடீரென நின்றுபோன சம்பவங்களையும் தொகுத்துப் பார்த்தபோது, 135 சம்பவங்களில் 90 நீச்சலின்போது நடந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் பயிற்சி தொடங்கும் முன் இதயத்தை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது அவசியம். கடல் பயிற்சிக்குத் தனியாகப் போகவே கூடாது. சென்னைக் கடற்கரையில் உள்ளே இழுக்கிற நீரோட்டம் எந்த இடத்தில் இருக்கும் என்று கரையில் நின்று பார்க்கிற புதியவருக்கு எளிதில் தெரியாது. இடம் தெரிந்த பயிற்சியாளர், கூட நாலு பேர், இடுப்பில் கட்டி இழுக்கிற ஆரஞ்சு மிதவை, இந்த மூன்றும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். வெட்சூட் (குளிரைத் தாங்கப் போடுகிற ரப்பர் நீச்சல் உடை) வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் இருந்தால் அயர்ன்மேன் போட்டிகளில் அதைப் போட்டுக்கொண்டு பரிசுக்குப் போட்டியிட முடியாது, நம் கடல் எப்போதும் அதைவிடச் சூடுதான்.

தண்ணீரிலிருந்து வெளியே வந்ததும் தலை சுற்றும். இவ்வளவு நேரம் படுத்திருந்த உடம்பு சட்டென்று எழுந்து ஓடுகிறதே. நாலு அடி நடந்துவிட்டு ஓடினால் சரியாகிவிடும். சைக்கிள் நிற்கிற இடத்துக்கு டிரான்சிஷன் என்று பெயர், அங்கே புதியவர்கள் மாட்டுவது ஹெல்மெட்டில். ஹெல்மெட்டைப் போட்டுக் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் சைக்கிளை அதன் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் ஹெல்மெட் கொக்கியைக் கழற்ற வேண்டும். மாறிச் செய்தால் தண்டனை உண்டு. ஏறுவதற்கு என்று தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும். ஈரக் காலில் மணலோடு சாக்ஸ் மாட்டுவது தனி வித்தை. வீட்டு மொட்டை மாடியில் ஒரு பக்கெட் தண்ணீரும் கொஞ்சம் மணலும் வைத்துப் பத்து முறை செய்து பாருங்கள். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

சைக்கிளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதல் ஸ்பிரின்டுக்கு ஒரு லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டாம். பிரேக் இரண்டும் பிடிக்கிற, கியர் ஒழுங்காக மாறுகிற சைக்கிள் போதும். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், மூடி இல்லாவிட்டால் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். மாற்று டியூபை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி உங்கள் கையாலேயே இரண்டு முறை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். முன்னால் போகிறவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைந்து போவதும் புதியவர்கள் தெரியாமல் செய்கிற குற்றம். அயர்ன்மேன் போட்டிகளில் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், முந்துவதானால் 25 நொடிக்குள் முந்த வேண்டும்.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியும். தென்காற்று அடிக்கிற கோடையில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும். வடகிழக்குப் பருவத்தில் அப்படியே தலைகீழ். போகும்போது மணிக்கு 32 கி.மீ. காட்டுகிற மீட்டரைப் பார்த்து நாம் வீரனாகிவிடுவோம், திரும்பும்போது 22-க்கு நாக்கு தள்ளும். போட்டியில் மீட்டரைத் துரத்தாமல், போகவும் வரவும் ஒரே அளவு மூச்சு வாங்குகிற மாதிரி மிதித்தால் ஓட்டத்துக்குக் கால் மிஞ்சும்.

கால் மிஞ்சினாலும் அது உங்கள் கால் மாதிரி இருக்காது. சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கினால் தொடை மரக்கட்டை மாதிரி இருக்கும், முழங்கால் எங்கே மடங்குகிறது என்று தெரியாது. இதைப் போட்டி நாளில் முதன்முதலாக அனுபவிப்பவர் ஏதோ அடிபட்டுவிட்டது என்றே நினைப்பார். இதற்குத்தான் பிரிக் பயிற்சி. ஒரு மணி நேரம் சைக்கிள், இறங்கியதும் உடனே 15 நிமிடம் ஓட்டம், வாரம் ஒருமுறை. நடுவில் காபி கூடாது. ஆறேழு வாரத்தில் அந்த மரத்தன்மை ஒரு கிலோமீட்டருக்குள் விட்டுவிடும். இன்னொன்றும் கவனியுங்கள்: சைக்கிள் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் ஆமை வேகமாகத் தெரியும். மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே முதல் கிலோமீட்டரை வழக்கத்தைவிட அரை நிமிடம் வேகமாக ஓடியிருப்பீர்கள். மூன்றாவது கிலோமீட்டரில் அது வட்டியோடு வசூலாகும். கைக்கடிகாரத்தை நம்புங்கள். சைக்கிளில் கடைசி ஒரு கிலோமீட்டரை லேசான கியரில் வேகமாகச் சுழற்றினாலும் கால் கொஞ்சம் இளகும்.

சாப்பாட்டில் நடக்கிற தவறு பெரும்பாலும் போட்டிக்கு முந்தின நாள் நடக்கிற விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் தொடங்குகிறது. இலவசமாகக் கொடுக்கிற சத்து ஜெல்லை வாங்கிக்கொண்டு மறுநாள் முதன்முதலாக வாயில் பிழிகிறோம். வயிறு என்ன செய்யும் என்பது வயிற்றுக்கே தெரியாது. பயிற்சியில் சாப்பிடாத எதுவும் போட்டியில் வேண்டாம். மூன்று மணி நேரம் முன்னதாக நாலு இட்லி, கொஞ்சம் சர்க்கரை, காரமில்லாமல். ஸ்பிரின்ட் தூரத்துக்கு அதுவே போதும், நடுவில் உப்பு கலந்த தண்ணீர் இருந்தால் சரி. வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரலாம். 1978-ல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் 15 பேர் கிளம்பி 12 பேர்தான் முடித்தார்கள். அதில் இரண்டாவதாக வந்த ஜான் டன்பரின் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீர் கொடுத்தார்களாம். அவர் அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற அதிரடிப் பிரிவில் இருந்தவர், நாம் இட்லியோடு நிற்போம்.

கடைசி வாரத்தில் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மாதிரி விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். முந்தின நாள் தூக்கம் வராது, யாருக்கும் வராது. அதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

போட்டி நாள் காலை, சைக்கிளை மாட்டியதும் நேராகக் கழிப்பறை வரிசைக்கு ஓடாமல், கடலிலிருந்து வெளியே வருகிற வாசலுக்குப் போய் அங்கிருந்து உங்கள் இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனையாவது வரிசை, எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன கம்பம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பலூன் கட்டலாம், சிவப்புத் துண்டு தொங்கவிடலாம் என்று தோன்றும், ஆனால் அடையாளத்துக்கு வைக்கிற பொருளை அதிகாரிகள் எடுத்துவிடுவார்கள். நான் பக்கத்தில் நின்ற பச்சை நிற சைக்கிளை அடையாளம் வைத்திருந்தேன். நான் கரைக்கு வந்தபோது அந்தப் பச்சை சைக்கிள் எப்போதோ கிளம்பிப் போயிருந்தது.