எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு வெளிமாநிலத்தில் ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 13-ன்படி பழகுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். ஓசூரில் எடுத்ததை வைத்துக்கொண்டு பெங்களூரிலும் பழகலாம். 6 மாதக் கெடு முடிந்துவிடவில்லையா என்று மட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனைகள்தான் முக்கியம். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் அந்த வகை வண்டிக்கான நிரந்தர லைசென்ஸ் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் அவர் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையிலும் இருக்க வேண்டும். அவர் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தால் செல்லாது. பைக் என்றால் பின்னால் சொல்லிக்கொடுப்பவர் மட்டும்தான் உட்காரலாம், நண்பர்களை ஏற்றக் கூடாது.

முன்னும் பின்னும் 18 செ.மீ. சதுர வெள்ளை அட்டையில் சிவப்பு 'எல்' கட்டாயம். எழுத்தின் உயரம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சின்ன ஸ்டிக்கர் போதாது.

அப்புறம், இன்சூரன்ஸ். பழகுபவர் ஓட்டும்போது விபத்து நடந்தால், இந்த விதிகளைப் பின்பற்றினாரா என்று பாலிசி கேட்கும். இல்லையென்றால் இழப்பீடு கிடைப்பதே சிக்கலாகிவிடும். போலீஸ் அபராதத்தைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். எல்.எல்.ஆர். பிரின்ட் அவுட்டோடு உடன் வருபவரின் லைசென்ஸையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.