"பல்ஸ் நார்மல்தான்" என்று பெரியவர்களை விட்டுவிடாதீர்கள்

எழுபது வயதுப் பெரியவருக்குக் காய்ச்சல். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் துடிப்பு 84. "பல்ஸ் நார்மல்தான், பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். வீடுகளில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் நான் மிக ஆபத்தானதாக நினைக்கிறேன்.

காய்ச்சலோ, ரத்த இழப்போ, வயிற்றுப்போக்கோ, எது வந்தாலும் உடல் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரந்து இதயத்தை விரட்டும். இருபது வயது இதயம் சட்டென்று 120, 130க்குப் போய்விடும். வயது ஏற ஏற அந்த அட்ரினலினுக்கு இதயம் செவிசாய்ப்பது குறைகிறது. இதயத்துக்குள் துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணுவிலும் செல்கள் குறைந்துபோகின்றன. அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் துடிப்பு இன்னும் ஏறாது. வழக்கமாக 62 இருப்பவருக்கு 84 என்பது 22 துடிப்பு கூடுதல். அதனால் அவர் நன்றாக இருக்கும் நாளிலேயே துடிப்பைக் குறித்து வையுங்கள். பேச்சில் குழப்பம், வேகமான மூச்சு, சிறுநீர் குறைவு இருந்தால் பல்ஸ் என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடுத்தது, 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு. உடற்பயிற்சியில் இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பைச் சொல்ல 1971இல் வந்த தோராயம் அது. 2001இல் டனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் தந்த கணக்கு: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதில் இரண்டுமே 180தான். எழுபதில் பழையது 150 என்கிறது, புதியது 159. இதிலும் ஆளுக்கு ஆள் பத்து துடிப்புக்கு மேல் வித்தியாசம் வரலாம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது. நடக்கும்போது பேச முடிகிறதா என்று பார்ப்பதே அவர்களுக்கு நல்ல அளவுகோல்.

இரவில் பாத்ரூம் போகப் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுவதும் வேண்டாம். எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கும். இளம் வயதில் துடிப்பு உடனே கூடி அதை ஈடுகட்டும். முதுமையில் அந்த அனிச்சைச் செயல் மந்தம். நின்ற 3 நிமிடத்துக்குள் பிபியின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, அப்புறம் எழுங்கள்.

கடைசியாக, தாறுமாறான துடிப்பை "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது. துடிப்பு மெதுவாக ஏறுவது வயதின் இயல்பு. ஒழுங்கே இல்லாமல் துடிப்பது அப்படியல்ல. நிமோனியாவின்போதோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) முதல்முறையாகத் தலைகாட்டுவது பெரியவர்களிடம் சகஜம். அது பக்கவாதத்துக்கு வழிவிடும். காய்ச்சலோடு அதுவும் போய்விட்டாலும் திரும்ப வரலாம். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். தாறுமாறாகத் தெரிந்தால், அது அடங்கும்வரை காத்திருக்காமல் அப்போதே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.