பிளாஸ்டிக்கை அமுக்கிப் பார்க்கும்போது ஏமாறும் இடங்கள்

குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு நைலான் புஷ் (தண்டு சுழல்வதற்கான உருளைக் குழல்) கடைந்து கொடுப்பவர்களுக்கு, பிளாஸ்டிக்கை மெஷினில் அமுக்கிச் சோதனை செய்து தருவது என் வேலை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள், முன்பு நான் செய்த தப்பையே போன வாரம் அச்சு மாறாமல் செய்தார்கள். லோடு செல்லை (விசையை அளக்கும் உறுப்பு) பூஜ்யமாக்க மறப்பது போன்றவை ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெஷின் அமுங்குவதையும் பிளாஸ்டிக் கணக்கில் எழுதுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கிராஸ்ஹெட் (கட்டையை அமுக்க இறங்கும் குறுக்குச் சட்டம்) எவ்வளவு இறங்கியது என்று திரை காட்டும். அதைக் கட்டையின் உயரத்தால் வகுத்து ஸ்ட்ரெயின் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் லோடு செல், பிளேட், திருகு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அமுங்குகின்றன.

பிளாஸ்டிக்கை அமுக்கிச் சோதிப்பதற்கான அமெரிக்கத் தரவிதி ஏ.எஸ்.டி.எம். டி695 சொல்லும் கட்டை 12.7 மி.மீ. சதுரம், 25.4 மி.மீ. உயரம். மாடுலஸ் (விறைப்பின் அளவு) 2,800 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோநியூட்டன் ஏற்றினால் கட்டை 0.28 மி.மீ. குறையும். மெஷின் ஒரு மி.மீ. அமுங்க 25 கிலோநியூட்டன் ஆகும் என்றால், அதன் பங்கு 0.2 மி.மீ. மொத்தம் 0.48. கணக்கில் வரும் மாடுலஸ் 1,640 தான்!

வலிமை எண்ணில் இந்தக் கோளாறு தெரியாது, அது வெறும் லோடும் பரப்பும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இப்படித்தான் ஒரு லோடு நல்ல நைலான் ராடை 'தரமில்லை' என்று கோயம்புத்தூருக்குத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் எக்ஸ்டென்சோமீட்டர் (கட்டையின் நீள மாற்றத்தை நேரடியாக அளக்கும் கருவி) மாட்டி எடுத்த வரைபடத்தோடு சரக்கு மறுபடி மலையேறி வந்தது. இரண்டு வழி லாரி வாடகையும் என் தலையில்.

கட்டையிலேயே எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டுங்கள். இல்லையா, சாம்பிள் வைக்காமல் பிளேட்டுகளை முட்டவிட்டு, ஒவ்வொரு லோடுக்கும் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக் கழியுங்கள்.

முகம் எடுக்காத கட்டை

ஹாக்ஸாவில் அறுத்ததை அப்படியே கொண்டு வராதீர்கள், இரு முனைகளையும் மட்டமாகக் கடைந்து முகம் எடுத்துவிட்டு வாருங்கள்.

மழைக்கால நைலான்

சோதனைக்கு 23 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும். ஐப்பசி மழையில் ஜன்னல் ஓரம் கிடந்த நைலான் ஈரம் குடித்து மெத்தென்று ஆகிவிடும். நைலான் 6 முழுக்க ஊறினால் எடை சுமார் 9 சதவீதம் ஏறும். ஜனவரி உறைபனியில் ஹீட்டர் போடாத அறையில் அதே ரகம் விறைத்துக்கொள்ளும். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தால் வெவ்வேறு சரக்கு என்று சத்தியம் செய்வீர்கள். அப்புறம், சோதனைக்கு முன் அந்த 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் 40 மணி நேரம் வைத்தால் போதும் என்ற வழக்கமான விதி இவ்வளவு தடித்த நைலானுக்குப் பொருந்தாது. நடுப்பகுதி வரை ஈரம் சமமாக மாதக்கணக்காகும்.

உடையட்டும் என்று காத்திருப்பது

பாலிஎத்திலீன் உடையாது, பீப்பாய் மாதிரி வயிறு தள்ளும். எத்தனை சதவீத ஸ்ட்ரெயினில் எடுத்த எண் என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள்.